மார்த்தா ஆன்ட்டி வீட்டுக் கொடுவாள்

விசாலாட்சி டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னைக் குலுக்கிக்கொண்டே வகுப்புக்குள் வந்தார். பிஸ்கட்தான் என்று நம்பித் திவ்யா கையை நீட்டியே விட்டாள். உள்ளே இருந்தவை காகிதச் சீட்டுகள்.

"ஆளுக்கு ஒரு சீட்டு எடுங்க. அதுல ஒரு சொல் இருக்கும். அதுக்கு என்ன பொருள், அது எதுக்கெல்லாம் பயன்படுதுன்னு அஞ்சு பேர்கிட்ட கேட்டு எழுதணும். திங்கக்கிழமை நோட்டு என் மேசைக்கு வந்துடணும்."

திவ்யாவுக்குத் 'தேன்' வந்தது. ரவிக்குமாருக்குக் 'குடை'. ராஜகுமாரி தன் சீட்டைப் பிரித்தாள். படித்தாள். மடித்து மறுபடியும் டின்னுக்குள் போட்டாள்.

"டீச்சர், எனக்கு வேற சீட்டு வேணும்."

டீச்சர் அதை எடுத்துப் பார்த்தார். "கொடுவாள். வளைஞ்ச வாள்னு அர்த்தம். ராஜா கையில இருக்கும். உன் பேரே ராஜகுமாரி, பொருத்தமாத்தானே இருக்கு?"

வகுப்பே சிரித்தது. ராஜகுமாரி சிரிக்கவில்லை. பாவம், டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் மெயின்லேண்டிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிக்கோபாரின் இந்தக் கச்சால் தீவில் கொடுவாள் என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கும் தெரியாது அல்லவா? சொல்கிறேன், கேளுங்கள்.

இலங்கையில், மலைத்தோட்டங்களில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த சில தமிழ்க் குடும்பங்களை ஒரு காலத்தில் கப்பலில் ஏற்றி, இந்தத் தீவில் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். ராஜகுமாரியின் தாத்தா நல்லதம்பியும் அப்படி வந்தவர்தான். அவர்கள் மலையை அறிந்தவர்கள். கடலை அறியாதவர்கள்.

மலையில் நிலம் ஆடினால் மண் சரியும். வீட்டையும் ஆளையும் சேர்த்து மூடிவிடும். அதனால், நிலம் ஆடினால் சரிவை விட்டுக் கீழே ஓடு என்று பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்ப்பார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு பௌர்ணமி நாளின் காலையில், நிலம் ஆடியது. அந்தப் பாடத்தை அன்று ஒருவரும் மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

எல்லோரும் சரிவை விட்டுக் கீழே, கடற்கரைக்கு ஓடினார்கள். அங்கேதான் காவல் தெய்வம் முனியாண்டியின் மேடை இருந்தது. முனியாண்டிக்குச் சிலை கிடையாது. மேடையில் நட்டு வைத்த கொடுவாள்தான் சாமி. காவல்காரன் பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்று குழந்தைகளை மேடைமேல் ஏற்றி உட்கார வைத்தார்கள். ராஜகுமாரியின் அம்மா சொர்ணம்மாவும் நாலு வயது மகன் பாலகுமாரை ஏற்றி உட்கார வைத்தாள்.

பிறகு கடல் வந்தது.

ராஜகுமாரிக்கு அப்போது ஏழு வயது. ரப்பர் பால் வெட்டப் போன அப்பாவோடு மேலே ரப்பர் காட்டில் இருந்ததால் அவள் பிழைத்தாள். அம்மாவை ஒரு மரம் தடுத்து நிறுத்திக்கொண்டது. பாலு கிடைக்கவில்லை. கொடுவாளும் கிடைக்கவில்லை.

இந்த மூன்று வருஷமாக ஊரார் கொடுவாளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாலுவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ராஜகுமாரியால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டீச்சர் சீட்டை மாற்றித் தரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வருகிற ஞாயிறு சித்திரா பௌர்ணமி. அலைக்குப் பிறகு முனியாண்டிக்கு நடக்கப்போகும் முதல் பூசை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தகர ஷெல்டர்களுக்குப் பின்னால், மேட்டில், அழகையா பூசாரி புது மேடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மேடைமேல் விழுந்ததைவிட அவர் மேல் விழுந்த சுண்ணாம்புதான் அதிகம்.

"தாத்தா, கொடுவாள்னா என்னா? எதுக்குப் பயன்படும்?"

"இது ஒரு கேள்வியா? முனியாண்டி கையில இருக்கிறது. கெட்டது எது வந்தாலும் வெட்டிப் போடும். எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். "அப்ப கடல ஏன் வெட்டல?"

சுண்ணாம்பு மட்டை அப்படியே நின்றது. "சாமிய அப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

"நான் சாமியக் கேக்கலயே. ஒங்களத்தான் கேக்குறேன்."

பூசாரி ஏற்கெனவே அடித்த இடத்திலேயே மறுபடியும் சுண்ணாம்பு அடித்தார்.

அவருக்கும் கவலை இல்லாமல் இல்லை. மேடை தயார், சாமியைக் காணோம். போன மாதம் போர்ட் பிளேருக்குப் போய்ப் பளபளவென்று ஒரு வாள் வாங்கினார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது போலீஸிடம் மாட்டிக்கொண்டார். அந்தக் கதையை அங்கே கூடவே நின்று பார்த்த ரவிக்குமாரின் அப்பா சொல்லக் கேட்க வேண்டும்.

"இது யாரோடதுன்னு கேட்டாங்க. முனியாண்டியோடது சாப்னு இவரு சொன்னாரு. அப்ப முனியாண்டியக் கூப்பிடு, லைசென்ஸ் இருக்கான்னு பாக்கணும்னாங்க!" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எழுதிக்க பாப்பா. கொடுவாள்னா ஹத்தியார். ஆயுதம். கப்பல்ல ஏத்த விட மாட்டாங்க."

இரண்டு பேர் ஆயிற்று.

வீட்டில் அப்பா காத்தமுத்து, பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சாண் நீளம், நுனி மடங்கிய சின்னக் கத்தி. கரையோர ரப்பர் மரங்கள் உப்புத் தண்ணீர் ஏறிக் காய்ந்துபோய், தோட்டத்தில் வேலையே இல்லை. ஆனாலும் தினமும் தீட்டுவார்.

"அது கொடுவாளா பொறந்தது இல்ல, புள்ள," என்றார் அப்பா. "ஒங்க தாத்தாவோட கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி ஒசரமா வளராம வெட்டி விடுவாங்கல்ல, அதுக்குப் பேருதான் கவ்வாத்து. கத்தி மாறிப் போயிடக் கூடாதுன்னு ஆளுக்கொரு அடையாளம் போட்டு வச்சிருப்பாங்க. தாத்தா பிடிகிட்ட ஆணியால மூணு புள்ளி அடிச்சிருந்தாரு. இங்க வந்து எறங்கினப்ப கோயில் இல்ல, சாமி இல்ல. கையில இருந்த கத்திய மணல்ல நட்டுத் தேங்கா ஒடச்சாரு. அன்னையிலேருந்து அது முனியாண்டி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராஜகுமாரி நான்காவதாக அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, கொடுவாள் எதுக்குப் பயன்படும்?"

அம்மா காதில் விழாததுபோல் தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது தட்டில் ஒரு கைப்பிடிச் சோறு. தினமும் அப்படித்தான். "வந்தா பசிக்கும்ல," என்று முதல் வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் சொல்வதில்லை. விடிந்ததும் அந்தச் சோறு கோழிக்குப் போகும். பாலுவின் பேர் இன்னும் 'காணாமல் போனவர்கள்' பட்டியலில்தான் இருந்தது. காணாமல் போனவன் திரும்பி வரலாம் அல்லவா? அந்தப் பட்டியலை எழுதியவர்கள் இப்படி ஒரு தட்டு இருப்பதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை திவ்யா ஓடி வந்தாள். தேனுக்கு எட்டுப் பேரிடம் கேட்டுவிட்டாளாம். அதில் ஆறு பேர் தேன் இனிக்கும் என்று மட்டும் சொன்னார்களாம்.

"ஏய், மார்த்தா ஆன்ட்டிகிட்ட நீளமா ஒரு தாவ் இருக்கு, அதான் தேங்கா வெட்டுற கத்தி. வளைஞ்சுதான் இருக்கு. அவங்களக் கேளேன்."

மார்த்தா ஆன்ட்டி நிக்கோபார்க்காரர். அலைக்குப் பிறகு அவரையும் அவர் ஊராரையும் கப்பலில் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவின் முகாமுக்குக் கொண்டு போயிருந்தார்கள். போன மாதம்தான் திரும்பி வந்து கடைசி வரிசை ஷெல்டரில் குடியேறினார். ஒரு பன்றி வளர்த்தார். அதற்குக் கேப்டன் என்று பேர். ஆன்ட்டி பேசுவது இந்தி. தீவுப் பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நாம் தமிழில் கேட்போம்.

ராஜகுமாரி போனபோது ஆன்ட்டி கேப்டனுக்குத் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே வெட்டு, தேங்காய் இரண்டு. துருவேறிய, வளைந்த கத்தி. பிடியில் நீல நைலான் கயிறு சுற்றியிருந்தது.

"இதுவா? தேங்காய் வெட்ட, விறகு வெட்ட, ஓலை வெட்ட. கேப்டன் ரொம்ப அட்டகாசம் செய்தால் தூக்கிக் காட்ட," என்றார் ஆன்ட்டி. கேப்டன் உறுமியது.

ராஜகுமாரி எழுதக் குனிந்தாள். கயிற்றுக்கு மேலே, இரும்பில் மூன்று புள்ளிகள் இருந்தன.

பென்சில் நழுவி விழுந்தது.

"ஆன்ட்டி... இது எங்கேயிருந்து கிடைச்சது?"

"தெற்கே அடுத்த வளைவில்தான் எங்கள் ஊர் இருந்தது. அலை போன மறுநாள் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. எங்களிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. பதினொரு நாள் கப்பல் வரவில்லை. இதால் இளநீர் வெட்டித்தான் அத்தனை பேரும் உயிரோடு இருந்தோம்." ஆன்ட்டி கத்தியைத் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் குழி தோண்டினோம். மண்வெட்டி ஏது? இதால் மண்ணைக் கொத்தினோம், சிரட்டையால் அள்ளினோம். பதினேழு குழி. என் வீட்டுக்காரருக்கு. என் மகள்கள் இரண்டு பேருக்கு. கரை ஒதுங்கினவர்களுக்கும்தான். உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள் என்று பார்க்கவில்லை. கடைசிக் குழி சின்னது. ஒரு பையன். யார் பெற்ற பிள்ளையோ. இடுப்புக் கயிற்றில் ஐந்து ரப்பர் கொட்டை கோத்திருந்தது. அவனுடையது அவனோடு போகட்டும் என்று அவிழ்க்காமல் விட்டுவிட்டேன்."

அந்தக் கொட்டைகளைக் கோத்தவள் ராஜகுமாரிதான். ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு, விரலையும் சுட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோத்தாள். நடந்தால் கடகடவென்று சத்தம் வரும். "நான் ரயிலு," என்று சொல்லிக்கொண்டு பாலு ஓடுவான். ரயிலை அவன் பார்த்ததே இல்லை.

"அவன் எந்தம்பி," என்றாள் ராஜகுமாரி.

ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்தார். அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் வெகு நேரம் அழுதார்கள். கேப்டன்கூடத் தேங்காயைத் தொடவில்லை.

அழுது முடித்ததும் கத்தி யாருடையது என்பதையும் ராஜகுமாரி சொன்னாள். ஆன்ட்டி உடனே அதை ஒரு துணியில் சுற்றத் தொடங்கினார். "உங்கள் சாமியுடையது என்றால் நீங்கள்தானே வைத்துக்கொள்ள வேண்டும்?"

"ஒங்களுக்கு வேற தாவ் இருக்கா?"

"இல்லை. அதற்கென்ன, பார்த்துக்கொள்வேன்."

என்ன பார்த்துக்கொள்வார்? பல்லாலா தேங்காயை உரிப்பார்? ராஜகுமாரிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்கு வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி. நான் மொதல்ல அம்மாகிட்ட போகணும்."

வழியில் அழகையா பூசாரி நின்றுகொண்டிருந்தார். "என்னா புள்ள, அஞ்சு ஆளு கெடச்சிடுச்சா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னால் ஊரே மேளம் கொட்டிக்கொண்டு கத்தியைத் தூக்க வந்துவிடும். குழியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். "இன்னும் இல்ல தாத்தா," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா. பாலு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

அம்மா நிமிர்ந்தாள். அந்த முகத்தில் ஒரு நொடி ஆசை வந்ததைப் பார்த்ததும், சொல்லியிருக்கவே வேண்டாம் என்று ராஜகுமாரிக்குத் தோன்றிவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்த முடியுமா? அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, கடைசிவரை சொன்னாள். ஐந்து ரப்பர் கொட்டை என்ற இடம் வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போ," என்றாள்.

மார்த்தா ஆன்ட்டி முன்னால் நடந்தார். அம்மா, அப்பா, ராஜகுமாரி பின்னால். ஒரு மணி நேர நடை. ஆன்ட்டியின் ஊர் இருந்த இடத்தில் ஒரு கிணற்று விளிம்பு மட்டும் இருந்தது. மேட்டில் பதினேழு தென்னங்கன்றுகள் வரிசையாக நின்றன. இடம் மறந்துபோகக் கூடாது என்று, கப்பல் வருவதற்கு முன் ஆன்ட்டி குழிக்கு ஒன்றாக முளைவிட்ட தேங்காய் நட்டிருந்தார். கடைசிக் கன்று ராஜகுமாரியைவிட உயரமாக வளர்ந்திருந்தது.

அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மட்டையைத் தடவினாள். "நாந்தான்டா ஒன்ன கீழ கூட்டிட்டுப் போனேன்," என்றாள். மூன்று வருஷமாக அவள் வாயில் அடைத்துக்கொண்டிருந்த சொல் அது. பிறகு சத்தம் போட்டு அழுதாள். அப்பா தடுக்கவில்லை. ஆன்ட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தன் மகள்களின் கன்றுகளைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது மேடையில் பொங்கல் பொங்கியது. அழகையா பூசாரி பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, வெறும் மேடையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மார்த்தா ஆன்ட்டி துணிச் சுருளோடு வந்து, அதை அவர் முன்னால் பிரித்தார்.

மூன்று புள்ளிகளைப் பார்த்ததும் பூசாரி கூவிவிட்டார். "முனியாண்டி! வந்துட்டியா அப்பா!" கூட்டம் முண்டியடித்தது. பூசாரி இரண்டு கையையும் நீட்டினார்.

"தாத்தா, எடுக்காதீங்க," என்றாள் ராஜகுமாரி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னாள்.

"அத எடுத்துட்டா ஆன்ட்டி எதால தேங்கா வெட்டுவாங்க? இங்க அது சும்மாதானே நிக்கப் போகுது?"

"சாமிய வச்சுத் தேங்கா வெட்டுறதா? கொடுவாள் இல்லாம முனியாண்டி எப்புடி இருப்பாரு?"

"எங்க நல்லதம்பி தாத்தாவும் அதால தேயிலைதானே வெட்டினாரு? வேலை செஞ்ச கத்திய நட்டதும் சாமி வந்தாருல்ல? அப்பாவோட கத்தியும் வேலை செஞ்ச கத்திதான். அத நடுங்க. வருவாரு."

அப்பா மடியிலிருந்து பால் வெட்டும் கத்தியை எடுத்து நீட்டினார். பூசாரி அதை வாங்காமல் மேலும் கீழும் பார்த்தார்.

"முனியாண்டிக்கு இது பல்லுக் குத்தக்கூடப் பத்தாதே, காத்தமுத்து!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மா. மூன்று வருஷமாக முனியாண்டி என்ற பேரையே வாயில் எடுக்காதவள்.

"அழகையா மாமா, அந்தக் கொடுவாளு எம்புள்ளைய மண்ணுக்குள்ள வச்சிருக்குது. அதுக்கு மேல அது ஒங்களுக்கு ஒண்ணும் செய்ய வேணாம். மார்த்தாகிட்டயே இருக்கட்டும்."

பூசாரியின் நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. பிறகு சின்னக் கத்தியை வாங்கி மேடையில் நட்டு, பொட்டு வைத்தார். "சரி வாங்க. நம்ம நெலமை தெரிஞ்ச சாமிதானே," என்று முணுமுணுத்துக்கொண்டார். உடைக்கத் தேங்காயைத் தேடினால், அதை ஆன்ட்டி ஏற்கெனவே கொடுவாளால் இரண்டாக வெட்டி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் ராஜகுமாரி நோட்டைத் திறந்தாள். நான்கு பேர் சொன்னது இருந்தது. கெட்டதை வெட்ட. ஆயுதம், கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்ய. தேங்காய், விறகு, ஓலை வெட்ட; கேப்டனை மிரட்ட. ஐந்தாவது இடம் காலியாக இருந்தது.

"அம்மா, ஒன்ன ஒண்ணு கேட்டேனே அன்னிக்கு," என்றாள் தயங்கித் தயங்கி.

"எழுதிக்க," என்றாள் அம்மா. "எம்மகனுக்குப் படுக்க எடம் தோண்டிக் குடுத்தது."

ராஜகுமாரி ஒரு பிழையும் இல்லாமல் எழுதினாள். டீச்சர் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவார் என்று தெரியவில்லை. போடாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா தட்டுகளை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் துடைத்தாள். அது நிறையப் பொங்கலை வைத்து, மேலே இன்னொரு தட்டால் மூடினாள்.

"மார்த்தாவுக்குக் கொண்டு போய்க் குடு, புள்ள. ஆறிடப் போகுது."